பதினோராவது டப்பா

மணி என்ன தாயி இப்ப? ஒண்ணு இருபதா? என் மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள்ள அடியில மாட்டிக்கிச்சு, போன்ல இருக்கிற மணி கூடத் தெரிய மாட்டேங்குது. ரெண்டு மணிக்குள்ள நான் ஒரு பதில் சொல்லியாகணும். உள்ள கவுண்டர்ல ஒரு பொண்ணு இருக்கு, ரெண்டு மணியோட அதுக்கு வேலை முடியுது, வீட்டுக்குப் போயிரும். கொஞ்சம் நகந்து உக்காரு, இந்தப் பெட்டியை இப்படிச் சாய்ச்சு வெச்சுக்கிறேன். பையைக் கேக்காத. பை என் மடியிலயே இருக்கட்டும். இனிமே இதை ஒருத்தர் கையிலயும் குடுக்கிறதா இல்ல. குடுத்துத்தான் இந்தக் கதி.

என்ன அப்படிப் பாக்குற? எனக்குக் கிறுக்கெல்லாம் புடிக்கல. பேரு செங்கமலம். இலுப்பூர்ப் பக்கம் ஊரு, பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சமையக்காரி. நூத்து நாப்பது பிள்ளைகளுக்குப் பதினேழு வருசமாப் பொங்கிப் போடுறேன், ஒரு நாள் உப்பு கூடிப்போச்சுன்னு ஒரு வாத்தியார் வாய் திறந்ததில்ல. இன்னைக்குப் பதினொண்ணே முக்காலுக்குக் கிளம்புன மஸ்கட் பிளைட்டுல நான் போயிருக்கணும். அது போயிருச்சு. என்னை இறக்கி விட்டுட்டுப் போயிருச்சு தாயி.

எதுக்குன்னு கேளேன். ஒரு சென்ட் டப்பாவுக்கு. புஸ்ஸுன்னு அடிப்பாங்கல்ல, ஸ்ப்ரே, அந்த டப்பாவுக்கு. ஒண்ணே ஒண்ணு.

நீ யாரைக் கூப்பிட வந்திருக்க? வீட்டுக்காரரா? அபுதாபியா? நல்லா வரட்டும். பெட்டி நிறைய ஸ்ப்ரே கொண்டாருவாரு பாரு, சித்தப்பனுக்கு ஒண்ணு மச்சினனுக்கு ஒண்ணுன்னு. உலகத்துல எல்லாரும் அங்கயிருந்து இங்க கொண்டாருவாங்க. இங்கயிருந்து அங்க சென்ட்டு கொண்டு போறவ நான் ஒருத்திதான். சிரிக்காத. எனக்குச் சிரிப்பு வரல.

எங்க மாப்பிள்ளை விமல்ராஜுக்கு ஒரே சென்ட்டுதான். சந்தன வாசனை, மஞ்சள் டப்பா, கறுப்பு மூடி. புதுக்கோட்டையில ஒரே ஒரு ஃபேன்ஸி ஸ்டோர்ல வரும். மஸ்கட்டுல ஆயிரம் சென்ட்டு விக்கிது, இது மட்டும் இல்லையாம். காலேஜ்ல படிக்கிறப்பயிருந்து அவுகளுக்கு இதுதான். மனுசனுக்கு ஒரு புடித்தம் இருக்கக் கூடாதா?

பதினொண்ணு வாங்குனேன். ஏன் பதினொண்ணுன்னு கேக்கிறியா? நீ எந்த ஊரு? சீர்த்தட்டு வெச்சதில்லையா நீங்க? ஒற்றைப்படையாத்தான வைக்கணும். மருமகன் வீட்டுக்குப் போற எதையாவது பத்துன்னு எண்ணி வைப்பாளா ஒரு பொம்பளை? போன்லயே சொல்லிட்டேன், "பதினொண்ணு கொண்டாறேன் மாப்பிள்ளை"ன்னு. அவுகளும் சிரிச்சாக. அவுக சிரிச்சு நான் கேட்டே ஒரு வருசம் இருக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டதுமே எனக்குப் பாதிப் பாரம் இறங்கிருச்சு.

காலையில எட்டு மணிக்கெல்லாம் வந்துட்டேன். என் தம்பி கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டான். கவுண்டர்ல அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "பெட்டியில ஸ்ப்ரே, சென்ட் ஏதும் இருக்காம்மா?" நான் பொய் சொல்லல. பதினொண்ணு இருக்குன்னேன். அது டப்பாவைத் திருப்பிப் பாத்துச்சு, இருநூறு மில்லியாம். ஒரு ஆளுக்கு மொத்தமே ரெண்டு லிட்டருதானாம். "பத்து போகலாம்மா, பதினோராவதை மட்டும் எடுத்துருங்க"ன்னு சொல்லுச்சு. மூடியெல்லாம் இறுக்கமா இருக்கான்னு வேற கேட்டுச்சு. இருக்குன்னேன். அதுவும் பொய் இல்ல. மூடி இருக்கு, தனியா ஒரு கவர்ல போட்டுக் கட்டியிருக்கேன். பதினொரு மூடியும் சேந்தா ஒரு சாண் இடத்தை அடைக்குது, முறுக்கு டப்பாவை எங்க வைக்கிறது? எதுத்த வீட்டு மெஹர் அக்கா சொல்லத்தான் செஞ்சுச்சு, மூடியைக் கழட்டாத செங்கமலம், மூடி மேல டேப்பு சுத்துன்னு. அது வீட்டுக்காரர் இருபது வருசம் சவுதி. ஆனாலும் அதுக்கென்ன தெரியும், எங்க மாப்பிள்ளைக்கு எது கொண்டு போகணும்னு?

பத்துன்னா ரெட்டைப்படை. ஒன்பதுன்னா சொன்ன சொல்லுக்கு ரெண்டு குறையுது. அவுக எண்ணுவாக தாயி. எதையும் எண்ணுவாக. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பத்தைப் பெட்டியில போடுவோம், ஒண்ணைக் கையில கொண்டு போவோம், அங்க போய்ச் சேத்து வெச்சா பதினொண்ணு. நல்ல யோசனைதான? கணக்குல நான் தப்பு பண்ண மாட்டேன். அந்த ஒரு டப்பாவை எடுத்துத் துணியில நல்லாச் சுத்தி இந்தப் பைக்குள்ள வெச்சேன்.

மணி பாரு. ஒண்ணு முப்பதா? இன்னும் அரை மணி நேரம் இருக்கு.

அங்க உள்ள, பையை மெசின்ல விட்டுப் பாக்கிறாங்கல்ல, அங்கன புடிச்சிட்டாக. ஒரு அம்மா உடுப்பு போட்டு நிக்கிது, இந்தி பேசுது. டப்பாவை எடுத்து ஆட்டிக் காட்டுது. கையில கொண்டு போறதுக்கு நூறு மில்லிக்கு மேல கூடாதாம். இதை நான் என்ன குடிக்கவா போறேன்னு கேட்டேன். பக்கத்துல தொட்டி மாதிரி ஒண்ணு வெச்சிருக்காக, அதுல போட்டுட்டுப் போன்னு கை காட்டுது. அந்தத் தொட்டிக்குள்ள பாத்தேன் தாயி. எத்தனை பேரோட தண்ணி பாட்டிலு, எத்தனை பேரோட சென்ட்டு. நான் போட மாட்டேன்னு சொல்லிட்டேன். பெட்டியிலயே சேத்துருங்கன்னேன். பெட்டி போயிருச்சுங்கிறாக. கொண்டாந்து சேருங்கன்னேன். எனக்குப் பின்னாடி நின்ன ஆளுக எல்லாம் முணுமுணுக்கிறாங்க. முணுமுணுக்கட்டும், அவங்களுக்கென்ன, அவங்க மாப்பிள்ளைக்கா இது போகுது?

அப்புறம் கவுண்டர்ல இருந்த அதே பொண்ணு ஓடி வந்துச்சு. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே ஓடி வந்துச்சு. "அம்மா, உங்க ஒருத்தருக்காகத்தான் நிக்கிது, அதைப் போட்டுட்டு வாங்க, இன்னும் பன்னெண்டு நிமிசம்தான் இருக்கு"ங்குது. என் கையைப் புடிச்சு இழுக்குது. நான் டப்பாவை விடல. பன்னெண்டு நிமிசம் தாயி. அந்தப் பன்னெண்டு நிமிசமும் நான் அங்கன நின்னு சண்டை போட்டேன். ஒரு டப்பாவால உங்க பிளைட்டு கவுந்துருமான்னு கேட்டேன். என் மகளைக் கூட்டியாரப் போறேன், இது இல்லாம போனா அவளை அனுப்ப மாட்டாகன்னு அழுதேன். எல்லாம் சொன்னேன். கடைசியில அந்தப் பொண்ணு போன்ல என்னமோ பேசிட்டு என் தோள் மேல கையை வெச்சுச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு.

கேட்டைச் சாத்திட்டாக. பெட்டியை இறக்கிக் கொண்டாந்து என் கையிலயே குடுத்துட்டாக. டப்பாவையும் குடுத்துட்டாக. நான் எப்படிச் சுத்தி வெச்சிருந்தேன், எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டாக. அப்படியே அள்ளிப் பையில திணிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

என்ன, என்னமோ வாசனை வருதுங்கிற? உன் மேல அடிச்சிருக்கிற சென்ட்டா இருக்கும். இல்லையா? இந்த ஏர்போர்ட்டு முழுக்க அந்த வாசனைதான். விடு.

சொல்றேன் கேளு, நானா ஒண்ணும் கிறுக்குத்தனமா நிக்கல. காரணம் இருக்கு. என் மக நிரோஷா. ஒரே பொண்ணு. அவ அப்பா தவறிப் போயி ஆறு வருசம் ஆச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கட்டிக் குடுத்தேன். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையும் அவளும் வந்தாக. மோதிரம் போட்டேன், வேட்டி சட்டை வெச்சேன், சென்ட்டும் வெச்சேன். கடைக்காரன் மஞ்சள் டப்பா தீந்துருச்சுன்னு பச்சை டப்பாவைக் குடுத்துட்டான். எனக்கு என்ன தெரியும், எல்லாம் ஒரே புஸ்ஸுதானேன்னு வாங்கி வெச்சுட்டேன். அவுக அதைக் கையில எடுத்துப் பாத்தாக. இலையில சோறு போட்டு வெச்சிருக்கு, எந்திரிச்சுட்டாக. "கிளம்பு"ன்னாக அவகிட்ட. பட்டாசுக் கட்டைக் கூடப் பிரிக்கல. அதுக்கப்புறம் எட்டு மாசம் அவளை என் வீட்டுப் பக்கம் விடல, அப்படியே மஸ்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. ஒரு பச்சை டப்பாவுக்கு இந்தப் பாடுன்னா, டப்பாவே இல்லாம போனா என்ன ஆகும், நீயே சொல்லு.

கோவக்காரவுகதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாக. நிரோஷாவே சொல்லியிருக்கா. ஏதாவது சண்டைன்னா, முடிஞ்சதும் நேரா குளியலறைக்குள்ள போயி, நல்லாக் குளிச்சு, இந்தச் சென்ட்டை உடம்பெல்லாம் அடிச்சுக்கிட்டு ஜம்முனு வந்து அவ பக்கத்துல உக்காந்துக்குவாகளாம். "வா, கடைக்குப் போகலாம், உனக்கு என்ன வேணும்"னு கேப்பாகளாம். எத்தனை ஆம்பளை அப்படிக் கேப்பான்? எங்க வீட்டுக்காரரு கோவம் வந்தா மூணு நாளு பேச மாட்டாரு.

இப்ப அவளுக்கு எட்டு முடிஞ்சு ஒன்பது நடக்குது. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான பாக்கணும். ஏழு மாசமாக் கேட்டேன், அனுப்பல. அவளும் அழுது பாத்தா. போன மாசம்தான் மனசு இறங்குனாக. "அத்தை, நீங்க நேர்ல வந்து கூட்டிட்டுப் போங்க, தனியா அனுப்ப மாட்டேன்"னாக. பாஸ்போர்ட்டு அவுக பீரோவுலதான் இருக்கு, இவ தொலைச்சிருவான்னு பத்திரமா வெச்சிருக்காக. நான் போய் நின்னாத்தான் எடுத்துக் குடுப்பாக. வர்ற வியாழக்கிழமை எங்க ரெண்டு பேருக்கும் திரும்ப டிக்கெட்டு. வியாழக்கிழமையோட அவளுக்கு முப்பத்தாறு வாரம் முடியுது. அதுக்கப்புறம் பிள்ளைத்தாச்சியைப் பிளைட்டுல ஏத்த மாட்டாங்களாம். இங்கயிருந்து அடுத்த பிளைட்டு வெள்ளிக்கிழமைதான். இன்னைக்கு என்ன கிழமை? திங்கள். இப்ப புரியுதா நான் ஏன் இப்படி ஆடுறேன்னு?

இன்னும் ஒண்ணு இருக்கு. அவுக இன்னைக்கு லீவு போட்டுட்டு என்னைக் கூப்பிட ஏர்போர்ட்டுக்கு வர்றாகளாம். நம்ம மணிக்கு மூணரைக்கு அங்க இறங்கும். நான் இறங்க மாட்டேன். அவுக நின்னு பாத்துட்டு வீட்டுக்குப் போவாக. வீட்டுல அவ மட்டும்தான இருப்பா.

என்ன கேட்ட? அடிப்பாகளான்னா கேட்ட? சேச்சே. வாயில நல்ல வார்த்தை வராதா உனக்கு? புள்ளையப் பெத்தவகிட்ட கேக்கிற கேள்வியா இது? அவுக படிச்சவுக. கம்பெனியில சூப்பர்வைசரு. அவ கையில ஒரு கறுப்பு இருந்துச்சு, வீடியோவுல பாத்தேன், குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்னா. அந்த ஊரு வீட்டுல எல்லாம் தரை கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும், வழுக்கத்தான செய்யும். இன்னொரு தடவையும் விழுந்தா. வயித்துப் பிள்ளைக்காரி பாத்து நடக்க வேணாமா, அதுக்கும் நான் அவளைத்தான் வஞ்சேன்.

சரி, கோவிச்சுக்காத தாயி. எனக்கு மண்டை கொதிக்குது, வாயில வர்றதைப் பேசிட்டேன். இங்கயே இரு. நீ எந்திரிச்சுப் போயிட்டா எனக்கு இங்க யாரு இருக்கா?

அந்தக் கவுண்டர்ப் பொண்ணு நல்ல பொண்ணுதான். என்னை வெளியில கொண்டாந்து உக்கார வெச்சுட்டுத் தண்ணி வாங்கிக் குடுத்துச்சு. அப்புறம் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்து சொல்லுச்சு. நாளைக்குக் காலையில சென்னையிலயிருந்து ஒரு பிளைட்டு இருக்காம். ஒரே ஒரு சீட்டு இருக்காம். இப்ப பஸ்ஸு ஏறுனா சென்னைக்குப் போயிரலாம். "ஆனா பெட்டி ஏத்த முடியாதும்மா, கைப்பை மட்டும்தான். சரின்னா சொல்லுங்க, இதே டிக்கெட்டை மாத்தித் தர்றேன், ரெண்டு மணி வரைக்கும்தான் நான் இருப்பேன்"னுச்சு. கைப்பை மட்டும்னா என்ன அர்த்தம்? ஒரு டப்பா கூட இல்லாம, ஒரு முறுக்கு கூட இல்லாம, வெறுங்கையை வீசிக்கிட்டு மருமகன் வீட்டுப் படியேறவா? நான் மாட்டேன்னுட்டேன். வெள்ளிக்கிழமையே போறேன், எல்லாத்தையும் கொண்டு போறேன், அங்கயே பிரசவம் பாத்துக்கிறோம்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு வந்து இங்கன உக்காந்தேன். ரெண்டு மணி வரைக்கும் யோசிங்கம்மான்னு அது சொன்னதுதான் மண்டைக்குள்ள ஓடுது.

நிரோஷாவும் போன்ல அதைத்தான் சொன்னா. கொஞ்சம் யோசி, பெத்த மக பேசுற பேச்சா அதுன்னு அன்னைக்கு நினைச்சேன். "அம்மா, நீ ஒண்ணும் கொண்டாராத. ஒரு பையைத் தோள்ல போட்டுக்கிட்டு வா. வந்து என் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிரு. அது போதும்"னா. சென்ட்டு பேச்சை எடுத்ததும் அவளுக்குக் குரலே மாறிருச்சு. "அதை மட்டும் வாங்காதம்மா, அந்த வாசனை வந்தாலே எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது"ன்னா. மசக்கைடி, எனக்கும் நீ வயித்துல இருக்கிறப்ப தாளிக்கிற வாசனை ஆகாதுன்னு சொன்னேன். எட்டு மாசத்துலயும் மசக்கை இருக்குமான்னு எனக்கும் ஒரு நிமிசம் தோணத்தான் செஞ்சுச்சு. ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரின்னு விட்டுட்டேன்.

இந்தா, போன்ல என்னமோ சத்தம் வந்துச்சு. பாரு தாயி, எனக்குத் தெரியல. அவளா? பேசி அனுப்பியிருக்காளா? வை, சத்தமா வை. பரவால்ல, நீயும் கேளு.

கேட்டியா? "நீ இறங்குனதும் கேப்பன்னு அனுப்புறேம்மா"ங்குறா. நான் ஏறவே இல்லையேடி. இன்னொரு தடவை வை. பையைக் கட்டி வெச்சுட்டாளாம். ரெண்டு நைட்டி, ஆஸ்பத்திரி ஃபைலு, வேற ஒண்ணும் எடுக்கலையாம். பையைக் கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சிருக்காளாம், அவர் கண்ணுல படாம. "கார்ல அவர்கிட்ட எதையும் பேசாதம்மா, அவர் என்ன சொன்னாலும் சரி சரின்னு வா. வந்ததும் என் கையைப் புடிச்சுக்க. வியாழக்கிழமை வரைக்கும் விடாத." ஏன் இவ்வளவு மெதுவாப் பேசுறா? தண்ணி ஓடுற சத்தம் கேக்குதுல்ல? குழாயைத் திறந்து விட்டுட்டுப் பேசுறாளா? குளியலறைக்குள்ள நின்னா பேசுறா?

மறுபடி வைக்க வேணாம். போதும்.

ஆமா, வாசனை வருது. எனக்கும் வருது. இரு. என் மடியிலயிருந்துதான் வருது. ஐயோ, சேலையெல்லாம் ஈரம். பையைத் திறக்கிறேன், இதைப் புடி.

அடக் கடவுளே. மூடி இல்லாத டப்பா. பையை நெஞ்சோட சேத்து இறுக்கிப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்ல, அது அமுங்கி அமுங்கி உள்ளயே அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். துணி பூராவும் போச்சு தாயி. பூராவும் நனைஞ்சு போச்சு.

இது என்ன துணின்னு தெரியுமா உனக்கு? எங்க வீட்டுக்காரரோட பழைய வேட்டி. பச்சைப் பிள்ளைக்கு முதல்ல சுத்தப் பழைய துணிதான வேணும், புதுசு உறுத்தும்ல. பிளைட்டுலயே வலி எடுத்துட்டா என்ன பண்றதுன்னு கைப்பையில வெச்சேன். ஏழு துண்டாக் கிழிச்சு, ஏழு நாளு வெந்நீர்ல அலசி அலசிக் காயப் போட்டேன். சோப்பு வாசனை கூட அண்டக் கூடாதுன்னு சோப்பே போடல. அதுலதான் இந்த டப்பாவைச் சுத்தி வெச்சேன். அடிபடாம இருக்கட்டும்னு நானே என் கையால சுத்தி வெச்சேன்.

மூஞ்சியைத் திருப்பிக்காத. எனக்கும்தான் குமட்டுது. வீட்டுல மோந்து பாக்கிறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஏன் இப்படி இருக்கு?

இரு. இரு தாயி. எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது. அந்தத் தீபாவளி அன்னைக்குக் காலையில, அடுப்பங்கரையில நானும் அவளும் நிக்கிறோம். அதிரசம் புட்டுக்கிச்சுன்னு என்னைக் கேலி பண்ணிச் சிரிக்கிறா. வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. அப்ப கூடத்துலயிருந்து இந்த வாசனை வந்துச்சு. ஆளு இன்னும் வரல, வாசனை மட்டும்தான் வந்துச்சு. பாதிச் சிரிப்புல நிறுத்திட்டா. கரண்டியைக் கீழ வெச்சா. சேலையை இழுத்துக் கையை மூடிக்கிட்டா. புகையில நின்னா வேர்க்குமேடி, எதுக்கு இழுத்து மூடிக்கிறன்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மான்னா. நான் அந்தக் கையைப் புடிச்சுப் பாக்கல தாயி. எண்ணெய் காயுது, அதிரசம் கருகுதுன்னு திரும்பிக்கிட்டேன்.

அவன் அடிக்கிறான். நீ கேட்டியே, அதான் பதிலு. என் மகளை அவன் அடிக்கிறான். அடிச்சுட்டுக் குளிச்சுட்டு இதை அடிச்சுக்கிட்டு வந்து பக்கத்துல உக்காருறான். எனக்குத் தெரியும். தெரியாம என்ன, பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா? நல்ல டப்பாவாக் கொண்டு போயிக் குடுத்தா அடிக்க மாட்டான்னு நினைச்சேன். பதினொண்ணா எண்ணிக் குடுத்தா அனுப்பிருவான்னு நினைச்சேன். அவ ஒரு பையைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் இங்க அவனுக்குச் சென்ட்டு கட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

மணி என்ன? சொல்லு தாயி, மணி என்ன? ஒண்ணு அம்பதா? பத்து நிமிசம் இருக்கு. போதும். காலையில பன்னெண்டு நிமிசத்தைத் தொலைச்சேன், இந்தப் பத்து நிமிசத்தை விட மாட்டேன். என்னைக் கொஞ்சம் தூக்கி விடு, முட்டி புடிச்சுக்கிச்சு.

இந்தப் பெட்டியை உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போற கார்ல ஏத்திக்க. முறுக்கு இருக்கு, அதிரசம் இருக்கு, வேட்டி சட்டை இருக்கு, அவருக்குக் குடு. கண்ணாடி கூட அதுலதான் கிடக்கு, கிடக்கட்டும், மகளைப் பாக்கக் கண்ணாடி வேணாம். அந்தப் பத்து டப்பாவை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு போயிராத. போற வழியில எங்கயாவது தூக்கி எறிஞ்சிரு. இந்த டப்பாவையும் துணியையும் எடுத்துக்க, எறிஞ்சிரு. ஆமா, எங்க வீட்டுக்காரர் வேட்டிதான். அவரு இருந்தா அவரே எறியச் சொல்லுவாரு. எனக்குப் பாஸ்போர்ட்டும் போனும் போதும். மூணரை மணிக்கு முன்னாடி அவனுக்கு நானே போன் பண்றேன். பிளைட்டு ரிப்பேரு, நாளைக்கு வர்றேன் மாப்பிள்ளை, பதினொண்ணும் பத்திரமா இருக்குன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றேன். பொய்தான். வியாழக்கிழமை வரைக்கும் சொல்லுவேன்.

எல்லாம் விடு, ஒரு உதவி பண்ணு. இந்தா, என் கையை மோந்து பாரு. ரெண்டு கையிலயும் அவன் வாசனை. அவ இந்தக் கையைத்தான் புடிக்கப் போறா. இங்க சோப்பு எங்க தாயி இருக்கும்? சீக்கிரம் சொல்லு, சோப்பு எங்க இருக்கும்?